வேரடியில் ஒரு காவலன்

நெடுநாள் ஆசிரியப் பணி புரிந்து ஓய்வு பெற்றவன் நான். அந்நாளில் செய்த பிழையொன்று இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது. ஒருநாள், "பாக்டீரியா நோய் தரும் கிருமி" என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசையிலிருந்த உழவர் மகன் ஒருவன் எழுந்து, "ஐயா, நோயைத் தடுக்கும் கிருமி உண்டா?" என்று வினவினான். "பாடத்தைக் கவி" என்பதுபோல் அதட்டி அமர்த்திவிட்டேன். அவ்வாண்டு குலைநோயால் அவன் தந்தையின் நெல்வயல் முழுதும் பதராயிற்று என்பதைப் பின்னரே அறிந்தேன். மறு ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை.

அவனுக்குரிய விடையை இன்று உங்களுக்குச் சொல்கிறேன். அத்தகைய கிருமி உண்டு. அதன் பெயர் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ். பயிரின் வேரடியில் வாழும் பாக்டீரியா அது.

அது செய்யும் தொழில் மூன்று. முதலாவது, மண்ணிலுள்ள இரும்புச் சத்தைத் தான் முந்திக் கவர்ந்து கொள்கிறது. கோடையில் ஊற்று நீரை ஒருவரே இறைத்துக்கொண்டால் பின்வருபவர் வெறுங்குடத்துடன் திரும்புவார் அல்லவா? நோய்ப் பூசணத்தின் நிலையும் அதுவே. கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் ஆராய்ந்த அறிஞர்கள் 1980இல் இதனை வெளியிட்டனர். இரண்டாவது, பூசணத்தை ஒடுக்கும் பொருள்களைச் சுரக்கிறது. மூன்றாவது, பயிரின் எதிர்ப்பாற்றலைத் தூண்டுகிறது. வேரில் வாழ்வது இலையில் தோன்றும் குலைநோயைத் தடுப்பது இவ்வாறே.

கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இதனை டால்க் தூளில் கலந்து உழவர்க்கு ஏற்றதாக்கினர். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் நீரில் கலந்து, விதையை இரவு முழுதும் ஊறவைத்து, முளைகட்டி விதைக்க வேண்டும். எக்டேருக்கு 2.5 கிலோ தூளை 50 கிலோ மக்கிய தொழு உரத்துடன் கலந்து வயலில் இடுவதும் உண்டு.

ஒன்றை மறவாதீர்கள். இது உயிருள்ள பொருள். வெயிலில் வைத்தாலும், நாள் கடந்தாலும், தாமிர மருந்துடன் கலந்தாலும் அழிந்துவிடும். நோய் முற்றியபின் இட்டுப் பயனில்லை. வருமுன் காப்பதே இதன் இயல்பு.

உங்களுள் உழவர் வீட்டுப் பிள்ளைகள் இருப்பின், இச்செய்தியை இன்றிரவே பெற்றோரிடம் கூறுங்கள். ஆசிரியராகப் போகிறவர்கள், கடைசி வரிசையிலிருந்து எழும் வினாவைச் சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.