யானைக் காட்டுக்கு ஒரு பகற்பயணம்



கோலார் தங்கவயலில் வாழும் தமிழ் மக்களுள் பெரும்பாலோருடைய முன்னோர், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் சீமைகளிலிருந்து சுரங்க வேலைக்கென்று வந்து குடியேறியவர்கள். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய அத்தொழில் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் நின்றுபோயிற்று. அதற்குள் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியிருந்தது. பூமியின் வயிற்றுக்குள் அத்துணை ஆழம் இறங்கியறிந்த குடும்பங்களில், ஒரே பகலில் போய்த் திரும்பக்கூடிய காட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றைக் கண்டறியாதவர் பலர் உளர். அவ்விடத்துக்குச் செல்ல எண்ணுவோர் எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

நான் குறிப்பிடுவது ஆந்திர மாநிலத்தின் சித்தூர் மாவட்டத்திலுள்ள கௌண்டின்ய வனவிலங்குச் சரணாலயம். 1990ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்காடு, கரடுமுரடான குன்றுகளும் அவற்றினிடையே ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் கொண்டது. கௌண்டின்ய நதியும் கைகல் ஆறும் இங்கே பாறைகளை அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. இரண்டும் பாலாற்றின் துணையாறுகள். கைகல் ஊரருகே ஏறத்தாழ 40 அடி உயரத்திலிருந்து நீர் வீழ்ந்து, கற்பாறைகள் சூழ்ந்த ஒரு மடுவில் நிறைகிறது.

பாலாறு தங்கவயல்வாசிகளுக்கு அயலான ஆறு அன்று. பேத்தமங்கலத்தில் தேக்கிய பாலாற்று நீரே சுரங்க நகரின் தாகத்தைத் தணித்தது. கௌண்டின்ய நதியோ மலையிறங்கிக் குடியாத்தம் வழியே சென்று பாலாற்றில் கலக்கிறது. குடியாத்தத்தைப் பூர்விகமாகக் கொண்டவர்கள் இக்காட்டைக் காணப் போவது, தங்கள் சொந்த ஊர் ஆற்றின் பிறந்தகத்தைக் காணப் போவதாகும்.

ஆனால் இக்காட்டுக்கு உரிமையாளர் வேறு உளர். ஆந்திர நாட்டில் ஏறத்தாழ 200 ஆண்டுகளாகக் காட்டு யானைகள் வாழ்ந்ததில்லை. 1980களில் தமிழ்நாட்டுக் காடுகளிலிருந்தும் கருநாடகக் காடுகளிலிருந்தும் யானைக் கூட்டங்கள் இடம்பெயர்ந்து இங்கே வந்து தங்கின. பிழைப்புத் தேடி எல்லை தாண்டி வந்த கூட்டம் என்ற வகையில், அவற்றின் கதை நம் கதையைப் போன்றதே. வந்த இடத்தில் அவற்றுக்கு வாழ்வு எளிதாக இல்லை. காட்டோரத்து வயல்களில் அவை இறங்குவதால் உழவரின் ஓராண்டுப் பாடு ஓரிரவில் அழிகிறது. மனிதரும் மாண்டிருக்கிறார்கள், மின்வேலிகளில் சிக்கி யானைகளும் மாண்டிருக்கின்றன. வயலில் புகும் யானைகளை விரட்ட உதவும் பொருட்டு, 2025 மே மாதத்தில் கருநாடக அரசு 4 கும்கி யானைகளை ஆந்திர அரசுக்கு அளித்தது.

இந்நிலையை அறிந்து திட்டமிடுவதே முறையான பயணம். முதலாவது, பருவம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், டிசம்பர், ஜனவரி மாதங்களில் நீரும் இருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். பெருமழை பெய்யும் நாட்களில் போகலாகாது. மேலே மலையில் பெய்த மழை, கீழே வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளமாக வந்து இறங்கும். கோடையிலோ நீர்நிலைகள் வற்றி, எஞ்சிய மடுக்களை யானைகள் நாடி வரும்.

இரண்டாவது, வழி. மாரிக்குப்பத்திலிருந்து ரயிலில் பங்காருப்பேட்டை சென்று, அங்கே சென்னை மார்க்க வண்டிக்கு மாறிக் குப்பத்தில் இறங்கலாம். குப்பத்திலிருந்து பலமநேர் செல்லும் சாலையில் சுமார் 23 கிலோமீட்டர் தொலைவில் கைகல் இருக்கிறது. காலை முதல் வண்டியில் புறப்பட்டு, மாலை நான்கு மணிக்குள் காட்டைவிட்டு வெளியேறிவிட வேண்டும். அந்திக்குப் பின் அவை யானைகளின் பாதைகள்.

மூன்றாவது, அனுமதி. புறப்படுவதற்கு முன்பே வனத்துறையினரிடம் விசாரித்து, எந்தப் பகுதிக்குப் போகலாம், யானைக் கூட்டம் எங்கே நடமாடுகிறது என்று கேட்டறிய வேண்டும். அவர்கள் வேண்டாமென்றால் அன்றைய பயணத்தை ஒத்திவைக்க வேண்டும். ரயில் கட்டணம் வீணாயிற்றே என்று வருந்த வேண்டாம்.

நான்காவது, ஒழுங்கு. குடிநீரும் கட்டுச்சோறும் கையோடு கொண்டு செல்க. இலையும் காகிதமும் கையோடு திரும்பி வருக. ஒலிபெருக்கி, பட்டாசு, மது ஆகியவை கூடா. தீ மூட்டலாகாது. மடுவின் ஆழம் கண்ணுக்குத் தெரியாது, ஈரப்பாறையோ வழுக்கும். ஆகவே நீந்தத் தெரிந்தவரும் அதில் குதிக்க வேண்டாம். புகைப்படத்துக்காக யானையை நெருங்குவது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

இத்தனை கட்டுப்பாடா என்று இளைஞர் கேட்கக்கூடும். அவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவரைக் கேட்கட்டும். சுரங்கத்தில் இறங்குவோரின் பெயர் கணக்கில் ஏறும். ஏறி வருவோரின் பெயரும் கணக்கில் ஏறும். எண்ணிக்கை குறைந்தால் ஊரே பதறும். பாறை வெடிப்பு எந்த நொடியில் நேருமோ என்றறியாத அந்த ஆழத்தில், விதியை மதித்தவனே மறுநாள் வேலைக்கு வந்தான். மதித்தும் மீளாதவர் பலர். பாறையிடம் காட்டிய அந்த அடக்கத்தையே காட்டிடமும் காட்டுக. குழுவுக்கு ஒருவரைத் தலைவராக்கிப் பெயர்களை எழுதிக்கொள்க. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் எண்ணிப் பார்க்க. ஒரு பிரதியை வீட்டில் வைத்துச் செல்க.

சுரங்கம் மூடிய பின்னர், விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புவோர் நம்மில் பல்லாயிரவர். அவர்களுடைய பிள்ளைகள் கண்ணால் காணும் மலை, சயனைடு மண் குவிந்த மேடுதான். உயிருள்ள மலையொன்று அருகிலே இருக்கிறது என்பதை அப்பிள்ளைகள் ஒருமுறையேனும் காண வேண்டும். காட்டிலிருந்து அவர்கள் எதையும் எடுத்து வர வேண்டியதில்லை. நம் ஊர் ஆறு எங்கிருந்து வருகிறது என்று ஒரு பிள்ளை அறிந்து வந்தால் அதுவே போதும். அந்த ஆற்றைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்தே பிறக்கும்.