சல்லடை வலையை எண்ணிப் பார்த்து வாங்குவோம்

(தாமலில் நடந்த மகளிர் குழுக்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சத்துமாவு, மிளகாய்த்தூள், பருப்புப்பொடி செய்து விற்க நம்ம குழுக்கள் சிலது கடன் கேட்டிருக்கு. நல்ல விஷயம். அரவை மிஷினுக்கு நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்கிறோம். அதே கவனம் சல்லடை வலைக்கும் வேணும். மாவு கடைசியா அதன் வழியாத்தான் பாக்கெட்டில் விழுது.

நம்ம குழு ஒண்ணுக்கு ஒரு கடையில் எவர்சில்வர் வலைன்னு சொல்லிக் கொடுத்தாங்க. உப்புப் போட்ட பொடியைச் சலிச்சு, கழுவி வச்சதும் வெள்ளை பூத்தது. கொஞ்ச நாளில் துரு பிடிச்சது. அது துத்தநாக முலாம் பூசின இரும்புக் கம்பி. திருப்பிக் கொடுக்கப் போனா, பில்லில் 'வலை' என்ற ஒரு வார்த்தைதான் இருந்தது. கடைக்காரர் மாற்றித் தரலை. சலிச்ச பொடியும் வீண். கடன் தவணை மட்டும் நிக்கலை. அதனாலதான் இன்னைக்கு இதைப் பேசறோம்.

கம்பி வலைன்னா என்னமோ புதுசுன்னு நினைக்க வேண்டாம். காஞ்சிபுரம் பக்கம் பிறந்த நமக்குத் தறியைத் தெரியும். நூலுக்குப் பதிலா கம்பி, அவ்வளவுதான். நீளத்துக்குப் போறது பாவு, குறுக்கே போறது ஊடை. ஒண்ணு மேல ஒண்ணு கீழேன்னு போனா சாதா நெசவு. ரெண்டு மேல ரெண்டு கீழேன்னு சாய்வா போனா அது ட்வில் நெசவு. ரொம்ப நெருக்கமான வலையில் கொஞ்சம் தடிச்ச கம்பி போட ட்வில் உதவும்.

முதல்ல எண்ணிக்கை. ஒரு அங்குல நீளத்தில் எத்தனை ஓட்டைன்னு எண்ணறதுதான் 'மெஷ்'. 20 ஓட்டை இருந்தா 20 மெஷ். ஸ்கேலை வச்சுப் பாவுப் பக்கமும் ஊடைப் பக்கமும் தனித்தனியா எண்ணணும். ரெண்டும் ஒண்ணா இல்லைன்னா ஓட்டை சதுரமா இருக்காது.

மெஷ் எண் மட்டும் போதாது, கம்பித் தடிமனும் கேட்கணும். கணக்கு சுலபம். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். 20-ஆல் வகுத்தா 1.27. கம்பி 0.40 மி.மீ. என்றால் ஓட்டை 0.87. கம்பி 0.25 என்றால் ஓட்டை 1.02. ரெண்டும் 20 மெஷ்தான். ஆனா சலிச்ச மாவு ஒரே மாதிரி இருக்காது. மெல்லிய கம்பியில் மாவு வேகமா இறங்கும், சீக்கிரம் அறுந்தும் போகும். தடிச்ச கம்பி நாள் தாங்கும், சலிக்க நேரம் பிடிக்கும். சோதனைச் சல்லடைக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 460 ஓட்டையின் அளவைத்தான் சொல்லுது. நாமும் "ஓட்டை எவ்வளவு, கம்பி எவ்வளவு"ன்னு கேட்போம்.

அடுத்தது உலோகம். முலாம் பூசின இரும்பு வலை கோழிக்கூண்டுக்கும் மணல் சலிக்கவும் சரி. சாப்பிடற பொருளுக்கு வேண்டாம். உப்பும் புளிப்பும் பட்டா துத்தநாகம் கரையும். உணவுக்கு 304 வகை எவர்சில்வர் கேளுங்க. அதில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் இருக்கும். உப்பு அதிகம் புழங்கும் வேலைக்கு மாலிப்டினம் சேர்த்த 316 இன்னும் நல்லது, விலை கூடும்.

கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்க. இரும்புக் கம்பி, முலாம் பூசியிருந்தாலும், இறுக்கமா ஒட்டும். 304 ஒட்டாது, இல்லைன்னா லேசா இழுக்கும். ஆனா நிக்கல் குறைஞ்ச 202 வகையும் காந்தத்தில் அப்படித்தான் இருக்கும். அதைக் காந்தம் காட்டிக் கொடுக்காது. அதனால பில்லில் வகை, மெஷ், கம்பித் தடிமன் மூணும் எழுதச் சொல்லணும். எழுத மாட்டேன்னு சொன்னா அடுத்த கடைக்குப் போகலாம்.

வாங்கின பிறகும் வேலை இருக்கு. வலையைச் சட்டத்தில் விறைப்பா கட்டணும். தொய்வா இருந்தா ஆடி ஆடிக் கம்பி அறும். அடைச்ச ஓட்டையை ஊசியால் குத்தாம பிரஷ்ஷால் தட்டி எடுக்கணும். சலிக்கிறதுக்கு முன்னும் பின்னும் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்க. பின்னாடி கிழிசல் தெரிஞ்சா, அன்னைக்குச் சலிச்சது எதையும் வெளியே அனுப்பக் கூடாது. அறுந்த எவர்சில்வர் துண்டு காந்தத்துக்கு அகப்படாம போகலாம். சத்துமாவுக் கஞ்சி குடிக்கிறது கைக்குழந்தை என்பதை மறக்கக் கூடாது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் செய்து விற்றாலும் பதிவு வேணும். அதோட பொறுப்பும் நம்ம தலையில்தான்.

1989-ல் தருமபுரியில் நம்ம மாநிலத்து மகளிர் குழுக்கள் தொடங்கினப்போ, கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டதே பெரிய காரியமா இருந்தது. இன்னைக்கு பாஸ்புக், தீர்மான நோட்டு எல்லாம் நாமே பார்க்கிறோம். பில்லையும் அப்படியே வரி வரியா படிப்போம். சல்லடை வாங்கும் குழு, வகையும் அளவும் தீர்மான நோட்டில் எழுதிட்டு, ரெண்டு பேரா கடைக்குப் போங்க. ஸ்கேலும் காந்தமும் பையில் இருக்கட்டும்.