எடையும் நாமும்
(பழைய மாணவிகள் சங்க ஒன்றுகூடலில் எங்கள் வகுப்பின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பகல் சாப்பாட்டுக்கு முன்னால் உடல் எடையைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்கிய செயலாளர் அக்காவின் குறும்பை என்னவென்று சொல்வது! ஆனால் தலைப்பை நாங்களாகவே கேட்டு வாங்கினோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. பிறகு சொல்கிறோம்.

நாங்கள் இங்கே படித்த காலத்தில் எடை என்றால் குறைவைப் பற்றிய கவலைதான். மருத்துவப் பரிசோதனை நாளில் வரிசையாக நிறுத்தி நிறுப்பார்கள். "போதாது" என்பார்கள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால், "என்னம்மா இப்படி மெலிஞ்சு போயிட்டே" என்பதுதான் பாட்டியின் முதல் வார்த்தை. தோட்டங்களிலிருந்து நாவலப்பிட்டிக்கு வந்து படித்த எங்களில் பலருடைய அம்மாமார், தராசில் கொழுந்தை வைத்தார்களே தவிர, தாங்கள் ஒருநாளும் ஏறி நின்றதில்லை. காலையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு மலையேறினால் மாலைவரை நடைதான். அதே ரொட்டியை நாங்களும் சாப்பிடுகிறோம். மலைதான் இல்லை. வங்கியிலும் கந்தோரிலும் கடைக் கல்லாவிலும் உட்கார்ந்திருக்கிறோம்.

2005, 2006இல் நம் நாட்டில் நடந்த நீரிழிவு, இருதய நோய் ஆய்வில், ஆசியருக்கான அளவுகோலின்படி வயது வந்தவர்களில் நால்வரில் ஒருவர் அதிக எடையுடன் இருந்தார். அதற்கு மேலும் நூற்றுக்கு 9 பேருக்கு உடற்பருமன். பெண்களும் நகரவாசிகளும்தான் இதில் முன்னணி. ஆசியருக்கு ஏன் தனி அளவுகோல்? குறைந்த எடையிலேயே நமக்குச் சீனி வருத்தம் வந்துவிடுகிறது. கிலோவில் எடையை, மீற்றரில் உயரத்தால் இரண்டு முறை வகுத்து வரும் எண் 23ஐத் தொட்டாலே கவனம் தேவை என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது. பொதுவான அளவுகோலில் அது 25. ஐந்தடி உயரமான பெண்ணுக்கு 23 என்பது ஏறத்தாழ 53 கிலோ. (அங்கே யாரோ பெருமூச்சு விடுவது கேட்கிறது.) கணக்கு வராதவர்கள் தையல் டேப்பை எடுங்கள். பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது.

எங்கள் வகுப்பில் ஆறு பேர் மூன்று வருடங்களுக்கு முன் எடை குறைக்கக் கிளம்பினோம். ஒருவர் சோற்றை அடியோடு நிறுத்தினார். ஆனால் நாளுக்கு ஐந்து பால் தேநீரை நிறுத்தவில்லை. கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி என்றால் ஐந்துக்குப் பத்துக் கரண்டி. ஒருவர் இடுப்புக்குப் பட்டி கட்டினார். அது வியர்வையைத்தான் குறைத்தது. ஒருவர் கைத்தொலைபேசி விளம்பரத்தைப் பார்த்து ஏதோ மூலிகைத் தூள் வாங்கினார். உள்ளே என்ன இருக்கிறது என்று பொதியில் ஒரு சொல் இல்லை. நெஞ்சு படபடத்ததும் குப்பையில் போட்டார். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் தோழிகள் ஊசியைப் பற்றிக் கேட்கிறார்கள். வைத்தியர் எழுதிக் கொடுத்தால் அது வேறு விடயம். ஆனால் நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பி வருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இப்போது அந்தக் காரணத்துக்கு வருகிறோம். எங்களில் ஒருவருக்குச் சீனி வருத்தம். கந்தசஷ்டி விரதம் வந்தது. "சாமிக்கும் ஆச்சு, உடம்புக்கும் ஆச்சு" என்று ஆறு நாளும் பட்டினி கிடக்க முடிவு செய்தார். காலை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டார். மூன்றாம் நாள் ரயில் நிலையத்தில் கைகால் நடுங்கி, வேர்த்து ஒழுகி, பேச்சுக் குழறிச் சரிந்துவிட்டார். கூட்டத்தில் பலரும் பிரஷர் என்றார்கள். கடலை விற்கும் அம்மா ஒருவர்தான், விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்து, சீனி நிறையப் போட்ட பிளேன்டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். பதினைந்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தார். சில மாத்திரைகள், நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும் என்று வைத்தியர் பிறகு விளக்கினார். விரதமோ டயட்டோ, தொடங்குமுன் அளவை மாற்றக் கேட்டிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் விஞ்ஞானத்தில் முதலாவதாக வந்தவர் அவர்!

அதற்குப் பிறகுதான் எல்லோருமாக ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்துக்குப் போனோம். 2011 முதல் அரசு நடத்தும் இலவச நிலையங்கள் இவை. எடை, வயிற்றுச் சுற்றளவு, இரத்த அழுத்தம், சீனி எல்லாம் பார்க்கிறார்கள். பயமுறுத்தவில்லை. தட்டில் பாதிக்கு மரக்கறியும் கீரையும், சோறு அதற்குக் குறைவாக என்றார்கள். கேட்கச் சுலபம். ஆனால் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர்கள் நாம். சட்டியில் மிஞ்சியது சோறுதான், மரக்கறி அல்ல. பிள்ளைகள் வைத்த மிச்சத்தையும் வீணாகக் கூடாதென்று வாயில் போடுகிறோம். ஆகவே சமைத்ததும் எங்கள் பங்கு மரக்கறியை முதலில் எடுத்து மூடி வைக்கப் பழகினோம். ஒரு மாமியார் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரும் தனக்கு எடுத்து வைக்கச் சொன்னார்.

மாலையில் நடக்கிறோம். நம்மூர் மழையில் குடை இல்லாமல் நடந்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம்.

பலன்? இருவருக்கு ஐந்து, ஆறு கிலோ குறைந்தது. இருவருக்குக் குறைந்து திரும்ப ஏறியது. ஒருவர் மாறவே இல்லை. விரதம் இருந்தவருக்கு இரண்டு கிலோதான், ஆனால் சீனி கட்டுக்குள். மாறாதவர் மனம் உடைந்து விலகப் பார்த்தார். அவருக்கு நாங்கள் சொன்னது சென்னை ஆய்வு ஒன்றை. வைத்தியர் இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்டது. நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களைச் சாப்பாட்டை மாற்றி நடக்க வைத்தார்கள். எடை பெரிதாகக் குறையவில்லை. இருந்தும் நீரிழிவு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 28 அளவில் குறைந்தது. இப்போது மழை நாளில் எங்களை வீடு வீடாகத் தட்டி அழைப்பவர் அவர்தான்.

சனிக்கிழமைகளில் மாலை நாலரைக்குப் பாடசாலை வாசலில் கூடுகிறோம், ஊருக்கு வரும் வெளிநாட்டுத் தோழிகளும் வரலாம். உரை நீண்டுவிட்டது, சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. சீனி மாத்திரை போட்டுவிட்டு வந்திருப்பவர்கள் தயவுசெய்து வரிசையில் முன்னால் போங்கள்.