பகுப்பியும் சில ஐயங்களும்

வங்காலை என்னும் பெயரில் தமிழ் படித்தவர் நான்கு எழுத்துகளைக் காண்பர். கணினியோ ஏழு குறிகளைக் காண்கின்றது. வகரம், ஙகரம், அதன் மேலே புள்ளி, ககரம், அதற்கு ஒரு கால், லகரம், அதற்கு ஐகாரக் குறி என்பனவே அவ்வேழு. ஒருங்குறி முறையில், யு.டி.எஃப்.-8 என்ற குறியேற்றத்தில் எழுதினால் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு இடம் கொள்ளும். ஆகவே, மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலக் கரையில் அமைந்த இச்சிற்றூரின் பெயர் கணினிக்கு 21 பைட்டுகளாகும். அவற்றுள் ஒன்று தவறினாலும் பெயர் சிதைந்து வினாக்குறியாகவோ வெறுங் கட்டமாகவோ நிற்கும்.

வங்காலையில் பதிந்து வைக்கத் தக்கவை பல உள. பூநாரைகள் வந்திறங்கும் ஈரநிலம் 2008 ஆம் ஆண்டில் சரணாலயமாக்கப்பட்டு, 2010 இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம் பெற்றது. கடலோடிகள் தலைமுறை தலைமுறையாக அறிந்த பார்களுக்கும் துறைகளுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அவ்வூர் மாணவி ஒருத்தி இவற்றையெல்லாம் தொகுக்க முனைகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். படகில் உள்ள இடங்காட்டும் கருவி, குறித்த இடங்களை ஜி.பி.எக்ஸ். என்ற வகைக் கோப்பாகத் தரும். அக்கோப்பின் உள்ளே இருப்பது எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழி. 1998 பெப்ரவரி 10 இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் அதன் முதல் விதிமுறையை வெளியிட்டது. ஒவ்வொரு செய்திக்கும் முன்னும் பின்னும், கோண அடைப்புக்குள் அதன் பெயரை எழுதி வைப்பதே அம்மொழியின் சாரம்.

அதைப் படித்துக் கூறு கூறாகப் பிரித்துத் தரும் கருவியே பகுப்பி. வாக்கியத்தை எழுவாய் என்றும் பயனிலை என்றும் பிரித்துக் காட்டும் தமிழாசிரியரை அதற்கு ஒப்பிடலாம். பிற நிரல்கள் எடுத்தாளும்படி ஆக்கி வைத்த பகுப்பித் தொகுதியை நிரலகம் என்பர். அவற்றுள் பெயர் பெற்றது லிப்-எக்ஸ்.எம்.எல்.-2. நோம் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக டானியல் வேயார் என்பவர் சி மொழியில் தொடங்கியது அது. மூல நிரல் எவருக்கும் திறந்தே இருக்கின்றது. எம்.ஐ.டி. உரிமத்தின்படி அதைப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். கட்டணம் எதுவுமில்லை. பாடசாலை ஒன்றுக்கு இது சிறிய உதவியன்று.

அதை நிறுவுவது எவ்வாறு என்பது முதல் வினா. உபுண்டு, டெபியன் போன்ற இயங்குதளங்களில் பெரும்பாலும் அது முன்னரே குடியிருக்கும். பிற மென்பொருள்கள் அதை நம்பியிருப்பதே காரணம். அவ்வாறிருந்தும் நிரல் எழுதப் புகுந்தவரிடம் கணினி, "தலைப்புக் கோப்பைக் காணவில்லை" என்று கைவிரிக்கும். நிரலை இயக்குவதற்கான பொதி வேறு, நிரலை ஆக்குவதற்கான பொதி வேறு என்பதே இங்கு அறிய வேண்டியது. பின்னதன் பெயர் "டெவ்" என்று முடியும். அதை நிறுவினால் இக்குறை தீரும். பைத்தான் மொழியில் எழுதுவோர்க்கு வழி இன்னும் எளிது. எல்-எக்ஸ்.எம்.எல். என்னும் பொதியைப் "பிப்" கருவியால் இறக்கினால், பொதுவாகப் பகுப்பியும் அதனுள்ளேயே வந்துவிடும். விண்டோஸ் கணினி வைத்திருப்போர் இவ்வழியை நாடுவதே நன்று.

நிறுவிய பின் எழும் முதல் முறையீடு, "பகுப்பி என் கோப்பை ஏற்க மறுக்கின்றதே" என்பதாகும். எக்ஸ்.எம்.எல். விதியின்படி, அமைப்பில் ஒரு பிழை கண்டாலும் பகுப்பி அதை அறிவித்துவிட்டு நின்றுவிட வேண்டும். ஊகித்து நிரப்பக் கூடாது. இக்கண்டிப்பு சிலருக்குக் கசக்கின்றது. ஆயினும் மன்னார் வளைகுடாவில் இதன் பொருள் வேறு. 1976 மார்ச்சில் இலங்கையும் இந்தியாவும் செய்த உடன்படிக்கை அக்கடலை எண்களால் வகுத்தது. அங்கே வேலி இல்லை. அகலாங்கும் நெட்டாங்குமே எல்லை. மின்கலம் தீர்ந்து பாதியில் அறுந்த கோப்பில் ஓர் இடத்தின் எண் அரைகுறையாக நிற்கலாம். அகலாங்கில் பாகையின் பத்தில் ஒரு பங்கு ஏறக்குறைய 11 கிலோமீற்றராகும். அவ்வெண்ணைச் சரியென்று நம்பிப் படகைச் செலுத்துவோர் எங்கே சென்று சேர்வர்? "மீட்டெடு" என்று கட்டளையிட்டால் சிதைந்த கோப்பிலும் கிடைத்ததைப் பகுப்பி பொறுக்கித் தரும். அது பார்வைக்கு உதவும், பயணத்துக்கு உதவாது. அமைப்புச் சரியாக இருந்து எண் மட்டும் தவறாக இருப்பின், பகுப்பி அதை அறியாது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

தமிழில் எழுதுவோர்க்கென்றே தனியான தொல்லை ஒன்றுண்டு. ஈழத்துத் தமிழர் நெடுங்காலம் கையாண்ட பாமினி எழுத்துருவில், திரையில் தெரிவது தமிழ். கோப்பில் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். பாமினியில் அடித்த வங்காலை என்ற பெயர், கணினிக்கு டி, கியூ, அரைப்புள்ளி, எஃப், எச், ஐ, வை என்ற தொடரே. பகுப்பி அதை முறையீடின்றி ஏற்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற எழுத்துகளே தோன்றும். ஈகாரம் வந்தாலோ கதை வேறு. பாமினியில் ஈகாரத்துக்குரிய விசை இடப்புறக் கோண அடைப்பாகும். ஈழம் என்று தொடங்கும் ஒரு சொல் வந்ததும், குறிச்சொல் தொடங்கிவிட்டது என்று எண்ணிப் பகுப்பி நின்றுவிடும். எக்ஸ்.எம்.எல். ஆக்குவதற்கு முன்னரே பழைய உரையை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்வதே வழி.

ஒருங்குறியில் எழுதியவர்க்கும் இடர் உண்டு. கோப்பின் தலைவரியில் ஒரு குறியேற்றத்தை அறிவித்துவிட்டு, சேமிக்கும்போது வேறொன்றில் சேமித்தால் பகுப்பி எப்போதும் இல்லாவிடினும் பல வேளைகளில் ஏமாறாது. அவ்வேளைகளில் பிழை காட்டி நின்றுவிடும். அத்தலைவரிக்கு மேலே வெற்று வரி ஒன்று இருந்தாலும் பிழையே. இன்னொரு கலக்கம்: பகுப்பி எழுதித் தந்த கோப்பில் தமிழெழுத்தே இல்லாமல், எண்களாகவே நிறைந்திருக்கும். தமிழ் அழியவில்லை. வகரத்தின் ஒருங்குறி எண் 2997. குறியேற்றம் அறிவிக்கப்படாத இடத்தில் பகுப்பி பாதுகாப்புக் கருதி எழுத்துக்குப் பதிலாக எண்ணை, அதுவும் பதினாறடிமான வடிவில், எழுதி வைக்கின்றது. வெளியீடு யு.டி.எஃப்.-8 இல் வேண்டும் என்று கேட்டால் எழுத்து எழுத்தாகவே வரும். குறிச்சொற்களையும் தமிழில் அமைக்க விதி இடந்தருகின்றது. ஊர், துறை, பறவை என்றே பெயரிடலாம்.

பிழை ஒன்றும் காட்டாமல் திகைக்க வைக்கும் வினா வேறொன்று. மாணவி தன் கோப்பில் நூறு இடங்களைக் குறித்திருக்கின்றாள்; எக்ஸ்-பாத் என்னும் தேடல் முறையால் இடத்துக்குரிய குறிச்சொல்லைத் தேடினால் விடை சுழியம். காரணம் பெயர்வெளி. வங்காலைக் கரையில் நின்று அந்தோனி என்று கூவினால் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பர்! அதனாலன்றோ பள்ளிப் பதிவேட்டில் தந்தையின் முதலெழுத்தையும் சேர்க்கின்றனர். ஜி.பி.எக்ஸ். கோப்பிலுள்ள ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் அத்தகைய குடிப்பெயர் உண்டு. அது கோப்பின் தொடக்கத்தில் இணைய முகவரி வடிவில் ஒரே முறை எழுதப்பட்டிருக்கும். அம்முகவரிக்குச் சுருக்கப் பெயர் ஒன்றைத் தேடுபவர் தாமே சூட்டிப் பகுப்பியிடம் பதிந்து, அதை முன்னே சேர்த்துத் தேடினால் நூறும் அகப்படும். முகவரி போல் இருப்பினும் பகுப்பி அங்கே சென்று பார்ப்பதில்லை. அது வெறும் அடையாளமே. கற்றுக்குட்டிகள் மட்டுமல்லர், தேர்ந்தவர்களும் தடுக்கி விழும் படி இது.

வரிகளுக்கிடையே உள்ள இடைவெளியும் உரையாகவே கணக்கிடப்படும் என்பதையும், பெருங்கோப்பை முழுதும் நினைவகத்தில் ஏற்றினால் கோப்பின் அளவைப் போலப் பன்மடங்கு இடம் பிடிக்கும் என்பதையும் அறிந்திருந்தால் வேறு பல ஐயங்கள் தாமே அகலும். பெருங்கோப்பைச் சிறிது சிறிதாகப் படித்துச் செல்லும் முறையும் இந்நிரலகத்தில் உண்டு.

அயலார் அனுப்பிய கோப்பைத் திறப்பதில் எச்சரிக்கை வேண்டும். ஒரு சுருக்கச் சொல் பத்தாக விரிய, அப்பத்தும் நூறாக விரியும்படி எழுதிக் கணினியைத் திணறடிக்கும் சூழ்ச்சி பழையது. பகுப்பி அதற்கு வரம்பு வைத்திருக்கின்றது. வரம்பை நீக்கும் வசதியை வேண்டாதவர் தொட வேண்டாம். வெளிக்கோப்புகளைத் தேடிச் செல்லும் வாயிலையும் அடைத்தே வைக்கலாம்.

உலாவிகள் பலவற்றுள் இயங்கும் இக்கருவியைக் காத்து வந்தவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்களே. பாதுகாப்புக் குறைகளையும் பிற குறைகளைப் போலவே கருதிக் கையாளப் போவதாக, அவ்வாறு பராமரித்து வந்தவர் 2025 இல் அறிவிக்க நேர்ந்தது, சுமை அத்துணை. ஆகையால் இயங்குதளம் அளிக்கும் புதிய பதிப்பை உடனுக்குடன் ஏற்றிக்கொள்வதும், பிழை கண்டவர் அதைச் சிறு எடுத்துக்காட்டுக் கோப்புடன் திட்டத்தாருக்குத் தெரிவிப்பதும் பயன்படுத்துவோரின் பங்காகின்றன. அந்த எடுத்துக்காட்டுக் கோப்பு தமிழில் இருந்தால் இன்னும் நல்லது.