மேப்ல புள்ளி வெச்சா போதுமா?

இன்னைக்கு யாரும் அதிகமாப் பேசாத ஒரு பரீட்சையைப் பத்திப் பேசலாம்: புவியியல்.

நம்ம ஸ்டேட் போர்டு பத்தாம் வகுப்புல அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. சமூக அறிவியலுக்கு 100-ம் எழுத்துதான். அதுக்குள்ள வரலாறு, குடிமையியல், பொருளியலோட புவியியலும் ஒண்டுக்குடித்தனம் நடத்துது. திறன்னு சோதிக்கிறது பெரும்பாலும் மேப் கேள்விதான். கரிசல் மண், ஒரு துறைமுகம், ஒரு ஆறு. பழைய வினாத்தாள் பத்தைப் புரட்டினா போதும், 'ஷ்யூர் மார்க்'.

இப்ப அச்சங்குளத்துக்கு வாங்க. விருதுநகர் மாவட்டம், சாத்தூர் பக்கம். 2021 பிப்ரவரி 12 அன்னைக்கு இங்க ஒரு பட்டாசு ஆலை வெடிச்சு இருபது பேருக்கு மேல இறந்தாங்க. இந்த ஊர்ப் புள்ள இந்தியா மேப்ல தக்காணப் பக்கம் கோடு போட்டு, 'கரிசல் மண்'னு எழுதி மார்க் வாங்கிடும். அது தினம் மிதிச்சுட்டு வர்றதும் கரிசல்தான். அதை யாரும் கேக்கறதில்ல.

மழை கம்மி, வானம் பார்த்த விவசாயம், காய்ஞ்ச காத்து. பட்டாசும் தீப்பெட்டியும் இங்க வேர் விட்டதுக்கு இது ஒரு பக்கம். 1920-கள்ல ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தது இன்னொரு பக்கம். எது எவ்வளவு காரணம்? என்னைக் கேட்டா இதுதான் புவியியல் கேள்வி. நமக்குப் பழக்கமானது என்னவோ 'குட்டி ஜப்பான் எது?' மாதிரி ஒத்த மார்க்.

அதைவிட முக்கியம் ஸ்கேல். ஷெட்டுக்கு ஷெட் எவ்வளவு இடைவெளி வேணும்னு வெடிபொருள் விதிகள்லயே இருக்கு. ஒரு ஆலை வரைபடத்தைக் கொடுத்து, 'இந்த ரெண்டு அறைக்கும் நடுவுல நிஜத்துல எத்தனை மீட்டர்? மேல்காத்து அடிக்கும்போது தீப்பிடிச்சா எந்தப் பக்கம் ஓடணும்?'னு கேட்டா எப்படி இருக்கும்? அம்மா அங்க வேலைக்குப் போற புள்ளைக்கு அது வெறும் அஞ்சு மார்க் இல்ல.

'செய்முறைன்னு வெச்சா டீச்சர் சும்மா மார்க் போட்டுடுவாங்க'ன்னு சொல்வீங்க. நியாயமான சந்தேகம்தான். சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புப் புவியியல்ல செய்முறைக்கு 30 மார்க் இருக்கு, அங்கயும் இதே புலம்பல் உண்டு. இங்கிலாந்து ஜி.சி.எஸ்.இ.-ல வேற வழி: மாணவர்கள் குறைஞ்சது ரெண்டு தடவை களத்துக்குப் போகணும், ஆனா மார்க் எழுத்துத் தேர்வுலதான். என்ன அளந்தே, ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தே, தரவுல என்ன குறைன்னு கேப்பாங்க. போகாதவன் சமாளிக்கிறது கஷ்டம்.

இதுக்கு லேப் வேண்டாம். வைப்பாறு பக்கத்துலயே ஓடுது. ஒரு அளவு நாடா, ஒரு நோட்டு, ஒரு சனிக்கிழமை.