தோட்டாவும் தோட்டக் காவலும்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் மாரவிலை, சிலாபம், உடப்பு, முந்தல், கற்பிட்டி ஆகிய ஊர்களைத் தொட்டு நீண்டு செல்கின்றது. ஒரு பக்கம் கடலும் களப்பும். மறு பக்கம் தென்னையும் மிளகாயும் வெங்காயமும். உள்நோக்கிச் சென்றால் வண்ணாத்திவில்லும், அதற்கப்பால் வில்பத்துக் காடும். இந்நிலத்தில் பயிர் செய்பவனுக்கு மழையும் விலையும் மட்டுமே கவலையல்ல. இரவிலே பன்றி கிழங்கைக் கிண்டும். விடியற்காலையிலே மயில் முளையைக் கொத்தும். பகலிலே குரங்கு குரும்பையைப் பறித்தெறியும். ஆதலின், பயிர்க் காவலுக்கென அனுமதி பெற்ற துவக்கு, இப்பகுதிக் கமக்காரர் சிலரின் வீடுகளிலே மண்வெட்டியைப் போல ஒரு தொழிற்கருவியாக இருந்து வருகின்றது.

துவக்கு இருந்தும் தோட்டா இல்லையென்றால் அது வெறும் இரும்புக் குழலே. அண்மை ஆண்டுகளில் நேர்ந்திருப்பது அதுதான். தோட்டா அருமையாயிற்று, கிடைத்த தோட்டாவின் விலையும் ஏறிற்று. இதன் காரணத்தையும், இதனால் விளையக்கூடிய தீங்கையும், அதற்குரிய மாற்றையும் நேயர்கள் அறிந்திருத்தல் நலம்.

கிராமங்களில் வழங்கும் துவக்கைப் ‘பன்னிரண்டு போர்’ என்பார்கள். குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் 12 சேர்ந்தால் ஓர் இறாத்தல் நிறை வரும். அதுவே அப்பெயரின் பொருள். அதற்குரிய தோட்டாவிலே உறையும் அதன் அடியிற் பித்தளையும் உண்டு. நடுவில் வெடிமூட்டி, உள்ளே வெடிமருந்து, அதன்மேல் அடைப்பு, அதற்கும் மேலே ஈயச் சன்னங்கள். வெடிமருந்தின் முக்கிய பொருளாகிய நைத்திரோசெல்லுலோசு பஞ்சு நாரிலிருந்து செய்யப்படுவது. ஈயம், பித்தளை, மருந்து ஆகிய மூன்றும் உலகச் சந்தைக்குக் கட்டுப்பட்டவை.

அந்தச் சந்தை 2020ஆம் ஆண்டிலிருந்தே கலங்கிற்று. கொள்ளைநோய்க் காலத்தில் அமெரிக்க மக்கள் துவக்குகளையும் தோட்டாக்களையும் பெருந்தொகையாக வாங்கிக் குவித்தனர்; அங்கே கடைத் தட்டுகள் வெறுமையாயின. 2022 பெப்ரவரியில் உக்ரேன் போர் மூண்டது. பீரங்கிக் குண்டுகளுக்கு வேண்டிய மருந்துக்கு முதலிடம் கிடைக்க, வேட்டைத் தோட்டாவுக்குரிய மருந்து அருகிற்று. அதே காலத்தில் இலங்கையின் நாணயமும் வீழ்ந்தது. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாயை அண்மித்தது. எரிபொருளுக்கும் மருந்துக்குமே அந்நியச் செலாவணி போதாதிருந்த நாட்டிலே, இறக்குமதியாகும் தோட்டாவை நினைப்பார் யார்? முந்திய ஆண்டில் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடையினால் விளைச்சலும் குறைந்திருந்தது. எஞ்சிய விளைவைக் காக்க வேண்டிய வேளையிலேதான் காவற் கருவி கை கொடுக்க மறுத்தது.

கடைத்தெருவிற் சீனி வாங்குவது போலத் தோட்டாவை வாங்க இயலாது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி துவக்குக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதனை ஆண்டுதோறும் புதுப்பித்தலும் வேண்டும். இக்கட்டுப்பாட்டை வீண் தொல்லையென்று தள்ளிவிடுவதற்கில்லை. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிலும், 1987 முதல் 1989 வரையிலான கலவரக் காலத்திலும், கிராமத்து வீடுகளிலிருந்த துவக்குகள் பறித்துச் செல்லப்பட்டன. பயிரைக் காக்க வைத்திருந்த கருவி மனிதரை நோக்கித் திரும்பிற்று. அந்த நினைவு உள்ள அரசு தோட்டாவை எண்ணிக் கொடுப்பதில் வியப்பில்லை.

ஆயினும் முறையான வழி ஒடுங்கும்போது முறையற்ற வழிகள் திறந்துகொள்கின்றன. உண்மையான அபாயம் அங்கேதான் இருக்கின்றது.

முதலாவது, பழைய தோட்டா. கரையோரத்து உப்புக் காற்றும் ஈரமும் பித்தளையிற் களிம்பேற்றும், மருந்தையும் பழுதாக்கும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால் உடனே துவக்கைத் திறந்து பார்த்தலாகாது. சில தோட்டாக்கள் தாமதித்து வெடிப்பதுண்டு. குழலை ஆளில்லாத திக்கிலே நிலத்தை நோக்கிப் பிடித்து, அரை நிமிடமாவது பொறுத்தே திறக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறாக மந்தமான ஓசை கேட்டாலோ, அடைப்பு குழலுக்குள் சிக்கியிருக்கக்கூடும். தோட்டாவை அகற்றிக் குழல் ஊடுருவித் தெரிகின்றதா என்று பாராமல் அடுத்த தோட்டாவை இட்டுச் சுட்டால் குழலே வெடித்துச் சிதறும்.

இரண்டாவது, அளவு மாறிய தோட்டா. கிடைத்ததைக் கொண்டு ஒப்பேற்றலாம் என்று எண்ணி, சிறிய இருபது போர்த் தோட்டாவைப் பன்னிரண்டு போர்த் துவக்கில் இடுவோர் உண்டு. அது வழுக்கிச் சென்று குழலின் நடுவே தங்கிவிடும். துவக்கு வெறுமையென்று நினைத்து அதன்பின் சரியான தோட்டாவை இட்டுச் சுட்டால் கையும் கண்ணும் போகும். இதனைத் தடுக்கவே உலகெங்கும் இருபது போர்த் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் பூசுகின்றனர்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் கொடியது. தோட்டா வேண்டாத இடியன் துவக்கும், கயிறு தட்டினால் தானே வெடிக்கும் பொறித்துவக்கும், தீனிக்குள் மறைத்து வைக்கும் ‘ஹக்க பட்டாஸ்’ என்ற வாய்வெடியும் அவ்வகையைச் சேர்ந்தவை. பொறித்துவக்குக்குப் பன்றியென்றும் பாலகனென்றும் தெரியாது. விறகு பொறுக்கப் போனவரின் காலை அது முறிக்கும். வாய்வெடியைக் கடித்த யானைக் கன்று தாடை சிதைந்து, உண்ணவும் குடிக்கவும் இயலாமற் பல நாள் துடித்து இறக்கும். தோட்டாவின் விலையை மீதப்படுத்தப் போய் உயிரை விலையாகக் கொடுப்பது கணக்காகுமா?

அப்படியானால் வழி யாது? தோட்டா தாராளமாகக் கிடைத்த நாளிலும் துவக்கு மட்டும் பயிரைக் காத்ததில்லை என்பதை நினைவு கூர்தல் வேண்டும். காத்தது விழித்திருந்த மனிதரே. பரண் கட்டி முறை வைத்துக் காவலிருப்பதும், தகரம் தட்டுவதும், தீப்பந்தம் ஏந்துவதும், வெருளி நிறுத்துவதும் முன்னோர் கைக்கொண்டவை. பத்துத் தோட்டக்காரர் சேர்ந்தால் ஒவ்வொருவருக்கும் பத்து இரவுக்கு ஒரு முறைதான் உறக்கம் கெடும். அனுமதி பெற்றவர் தம் துவக்கையோ தோட்டாவையோ அயலவருக்கு இரவல் கொடுத்தல் ஆகாது. ஆனால் காவலைப் பகிர்ந்துகொள்வதற்குத் தடையேதுமில்லை. வெருட்டுவதற்கு ஓசை போதும் இடத்திலே தோட்டாவைச் செலவிடலாகாது. இருக்கும் தோட்டாவை ஈரம் புகாத பெட்டியிலே, பிள்ளைகள் கைக்கு எட்டாமற் பூட்டி வைத்து, செலவைக் கொப்பியிற் குறித்தல் நன்று. எந்த விலங்கைச் சட்டம் காக்கின்றது என்பதைக் கமநல சேவை நிலையத்திலும் வனசீவராசிகள் அலுவலகத்திலும் கேட்டறிதல் அவசியம்.

அரசின் கடமையும் சிறிதன்று. 2025 மார்ச் 15ஆம் நாள் காலை 8 மணி முதல் ஐந்து நிமிடம், நாடெங்கும் தோட்டங்களிற் காணப்பட்ட குரங்கு, மந்தி, மரவணில், மயில் ஆகியவற்றை மக்களே எண்ணினார்கள். பயிர் அழிவு தனி ஒரு கமக்காரரின் துன்பமல்ல, நாட்டின் பிரச்சினை என்பதற்கு அதுவே சான்று. எண்ணியதோடு நின்றுவிடாமல், வேலி அமைக்க உதவியும் அழிந்த பயிருக்கு நட்டஈடும் காலத்தோடு கிடைத்தல் வேண்டும். அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் நாளிலேயே, அதற்குரிய தோட்டாவும் நியாய விலையிற் புத்தளம் கச்சேரியிற் கிடைக்குமாயின், வண்ணாத்திவில்லுக் கமக்காரர் கள்ள வழியை நாட வேண்டியதில்லை.

தோட்டாவின் விலை நாளை இறங்கலாம், இறங்காமலும் போகலாம். அது உக்ரேனிலும் டொலரிலும் தங்கியிருக்கின்றது. அயலவரோடு சேர்ந்து விழித்திருப்பது மட்டும் இவ்வூரார் கையிலேயே இருக்கின்றது.