கருவறையில் ஓர் அமானிதம்
(நமது பள்ளிவாசலில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

 

ரமலான் நோன்பு கட்டாயக் கடமை. ஆயினும், வயிற்றிலுள்ள சிசுவுக்குத் தீங்கு நேருமெனக் கருவுற்ற பெண் அஞ்சினால், அந்நோன்பை விட்டுப் பின்னர் நோற்க மார்க்கம் அனுமதிக்கிறது. பிறவாத உயிருக்காகக் கடமையையே தள்ளிவைக்க இடமளிக்கும் மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், அச்சிசுவுக்கு நஞ்சாகும் பொருளை இல்லத்தில் வைத்திருக்கலாமா?

அப்பொருள் காரீயம். தாயின் இரத்தத்தில் கலக்கும் காரீயம் நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடைகிறது. முன்னரே தாயின் எலும்பில் தங்கியதும் கர்ப்ப காலத்தில் கரைந்து வெளிவருகிறது. கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடைக்குறைவு, அறிவு வளர்ச்சியில் பின்னடைவு ஆகியவற்றுக்கு அது காரணமாகலாம். தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

முதலாவது, சுர்மா. ஹஜ், உம்ரா சென்று வருவோர் ஜம்ஜம் நீருடனும் பேரீச்சம்பழத்துடனும் அன்பளிப்பாகக் கொண்டுவருவது அது. "சுர்மா இடுவது சுன்னத்தல்லவா?" எனச் சிலர் வினவலாம். நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துக் கூறியது இஸ்மித் எனும் அஞ்சனக்கல்லை. இன்று சுர்மா என்னும் பெயரில் விற்கப்படுபவற்றுள் பல, காரீயக் கந்தகக் கல்லின் தூள் என ஆய்வுகள் காட்டியுள்ளன. இரண்டும் கருமையாய் மின்னுவதால் கண்ணால் பிரித்தறிய இயலாது. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு. ஆகவே கருவுற்ற பெண்களும் பச்சிளம் குழந்தைகளும் இதனைத் தவிர்ப்பது சுன்னத்தைக் கைவிடுவதாகாது.

இரண்டாவது, பாத்திரப் பூச்சு. வலீமா விருந்துக்கும் நோன்புக் கஞ்சிக்கும் பயன்படும் பித்தளை, செம்புப் பாத்திரங்களுக்கு வெள்ளீயமே பூசப்பட வேண்டும். அதில் காரீயம் கலந்திருந்தால், புளிப்புள்ள உணவில் அது கரைந்துவிடும்.

மூன்றாவது, வர்ணம். வீட்டு வர்ணத்தில் காரீயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டலாகாது என்னும் 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வர்ணம் பல வீடுகளின் கதவிலும் ஜன்னலிலும் இன்னும் உள்ளது. பெருநாளுக்காகவோ பிரசவத்துக்காகவோ அதனைச் சுரண்டும்போது, கர்ப்பிணியை வேறு வீட்டில் தங்கவையுங்கள். தூசியை ஈரத்துணியால் துடைத்த பின்னரே அழைத்து வாருங்கள்.

சகோதரர்களே! இது பெண்களின் காரியம் என ஒதுங்கிவிடாதீர்கள். பேட்டரி, பழைய இரும்பு, பெயிண்டிங் தொழில் செய்வோர் உடை மாற்றிக் குளித்த பின்னரே மனைவி மக்களை நெருங்குங்கள். வேலை உடையைத் தனியே துவையுங்கள். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்த உடல் காரீயத்தை மிகுதியாக ஈர்க்கும். எனவே அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தரப்படும் அந்த மாத்திரைகளைக் கர்ப்பிணிகள் தவறாது உண்ணுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஐயமிருந்தால் இரத்தப் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேளுங்கள்.

பிறர்க்குத் தீங்கிழைக்கலாகாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதி. வாய் திறந்து முறையிட இயலாத சிசுவுக்கு அது முதலில் பொருந்தும். அமானிதத்தைப் பேணுவோராய் அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.